நாலாயிரம் கால்களுக்கு ஒரு நகல்

என் அண்ணியின் கைப்பையில் எப்போதும் இரண்டு மூக்குக்கண்ணாடிகள் இருக்கும். இரண்டும் ஒரே பவர், ஒரே சட்டம். வீட்டில் குடை இரண்டு, டார்ச் இரண்டு, கத்தரிக்கோல் இரண்டு. ஜோடியில் எதுவும் ஒரே அறையில் இருக்காது. ஒன்று முன்னறையில் இருந்தால் மற்றொன்று சமையலறையில்தான். விருந்தாளிகள் கத்தரிக்கோல் கேட்டால், "எந்த ஊர்க் கத்தரிக்கோல் வேணும்?" என்று அண்ணன் கேட்பான்.

அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுகிறான். வாயும் வண்டியும் ஒரே வேகத்தில் போகும்.

"நல்லவேளை, உன் அண்ணி என்னை மட்டும் காப்பி எடுத்து வைக்கல" என்பான் என்னிடம்.

"ஒண்ணை வச்சுச் சமாளிக்கவே நாக்குத் தள்ளுது" என்று உள்ளிருந்து பதில் வரும். "இதுல ரெண்டு வேறயா?"

இந்தப் பழக்கம் அண்ணிக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. படிப்பை முடித்ததும் முதலில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்திருக்கிறார். படங்களையெல்லாம் ஒரே டிஸ்க்கில் வைத்திருந்தார்கள். ஒருநாள் காலை அது திறக்கவில்லை. மூன்று கல்யாணங்கள் அதற்குள் இருந்தன. இரண்டு வீட்டார் வந்து கத்திவிட்டுப் போனார்கள். மூன்றாவது கல்யாணப் பெண் மட்டும் தனியாக வந்து, கடைக்குள் இருந்த மரப்பெஞ்சில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாளாம். "திட்டிட்டுப் போயிருந்தா அன்னைக்கே மறந்திருப்பேன்" என்று அண்ணி ஒரே ஒரு தடவை சொன்னார். அந்த மாதச் சம்பளத்தில் அவர் வாங்கியது ஒரு டிஸ்க். அடுத்த மாதச் சம்பளத்தில் அதே போல இன்னொன்று.

இப்போது அவர் வேலை பார்ப்பது செயற்கைக் கால் செய்யும் பட்டறை ஒன்றில். நானும் அங்கேதான் முன் மேசையில் இருக்கிறேன். வருகிறவர்களின் படிவங்களை இரண்டு மொழியிலும் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. அண்ணி சர்வர் பார்க்கிறார். கால் செய்கிற இடத்தில் சர்வருக்கு என்ன வேலை என்று பலர் கேட்பதுண்டு.

வேலை இருக்கிறது. கால் இழந்து வருகிறவருக்கு மிச்சமிருக்கும் பகுதியைச் சுற்றிக் கையடக்கக் கேமராவால் படமெடுக்கிறார்கள். அந்த உருவம் சர்வருக்குள் போய் உட்காருகிறது. உள்ளே இருக்கும் பெரிய மிஷின் அந்த உருவத்தைப் பார்த்து வெள்ளைக் கட்டி ஒன்றைச் செதுக்குகிறது. அதன் மேல்தான் காலைத் தாங்கும் கூடு வார்க்கப்படுகிறது. ஆனால் முதல் தடவையே சரியாக அமைவது யாருக்கும் இல்லை. "இங்க உரசுது", "படியில இறங்கும்போது குத்துது" என்று வருவார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் திருத்துவார்கள். அந்தத் திருத்தங்களும் அதே கோப்புறையில் சேரும். ஆக, ஒருவருடைய கோப்புறையில் இருப்பது வெறும் அளவல்ல. எங்கே வலிக்கும், எங்கே வலிக்காது என்று வருடக்கணக்காகக் கண்டுபிடித்து வைத்தது. அப்படி நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

அண்ணி சேர்ந்த புதிதில் இத்தனை கால்களும் ஒரே சர்வரில் இருந்தன. ஒரு மாதம் அவருக்குத் தூக்கமே சரியில்லை. மேனேஜரிடம் மன்றாடி, ஊரின் மறுகோடியில் இருக்கும் எங்கள் பயிற்சி மையத்தின் மூன்றாம் மாடியில் இன்னொரு சர்வர் வைத்தார். மதியம் ஒரு மணிக்கு மிஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் சாப்பிடப் போகும் நேரத்தில், இங்கே அன்று மாறியதெல்லாம் அங்கே போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்தார்.

அதோடு நின்றிருந்தால் நிம்மதி. மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒத்திகை வைத்தார். காலை பத்தரைக்கு சர்வர் அறைக் கதவில் 'சர்வர் இறந்துவிட்டது' என்று ஓர் அட்டை தொங்கும். உண்மையாகவே நிறுத்திவிடுவார். தூரத்துச் சர்வரை வைத்துக்கொண்டு எல்லோரும் வேலை பார்க்க வேண்டும்.

மிஷின் ஓட்டுகிறவரைத் தூசியண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். புருவம் வரை வெள்ளைத் தூசியோடு இருப்பார். "போன மாசம்தானேம்மா செத்துச்சு, மறுபடியுமா?" என்பார். "நம்ம சர்வர் மாதிரி மாசாமாசம் செத்துப் பொழைக்கறது வேற யாருக்கும் அமையாது."

முதல் ஒத்திகை படுதோல்வி. கோப்புறைகள் எல்லாம் அங்கே பத்திரமாக இருந்தன. யாராலும் திறக்க முடியவில்லை. யார் எதைத் திறக்கலாம், மிஷின் எந்த வழியாக வந்து எடுக்க வேண்டும், எந்த வேலை எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்ற அமைப்புகள் எதுவும் கூடப் போகவில்லை. வீட்டைக் கட்டி வாசல் வைக்க மறந்த கதை. அன்றிலிருந்து அமைப்புகளையும் தனியாக நகலெடுத்து வைக்க ஆரம்பித்தார். ஐந்தாவது ஒத்திகையில் பத்து நிமிஷத்தில் மிஷின் ஓடியது. தூசியண்ணன் கைதட்டினார். அறை முழுக்கத் தூசி பறந்தது.

மேனேஜர் மட்டும் கைதட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். "வராத வெள்ளத்துக்கு எத்தனை அணைதான்மா கட்டுவே?"

வெள்ளம் வந்தது. மேல் மாடியில் ஒரு பல் மருத்துவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய அறையில் குழாய் வெடித்து, திங்கட்கிழமை காலை நாங்கள் கதவைத் திறந்தபோது சர்வரின் தலையில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இல்லை, கயிறு போல விழுந்துகொண்டிருந்தது. டிஸ்க்குகளைத் துடைத்து, மீட்டுக் கொடுக்கும் கடைக்கு அனுப்பினோம். இரண்டாம் நாளே கைவிரித்துவிட்டார்கள்.

ஆனால் திங்கட்கிழமை பத்து மணிக்கே மிஷின் ஓடியது. தூரத்துச் சர்வரிலிருந்து உருவங்கள் வந்தன, கொஞ்சம் மெதுவாக. வந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. மேனேஜர் அண்ணியின் மேசைக்கு வந்து, தன் டீயை அங்கே வைத்துவிட்டுப் போனார். அவரைப் பொறுத்தவரை அது பூமாலை.

அண்ணிக்கு மட்டும் முகம் தெளியவில்லை. "இப்ப ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு" என்றார் வீட்டில். "நாலாயிரம் பேர் காலும் அந்த ஒரு டப்பாவுல நிக்குது. புதுசு வந்து சேர்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது."

"என் வண்டிக்கு ஸ்டியரிங் ஒண்ணுதான்" என்றான் அண்ணன். "நான் சாப்பிடாமயா இருக்கேன்?"

"நீங்க ஓட்டறதைப் பார்த்தா பயணிகள்தான் சாப்பிட மாட்டாங்க."

சனிக்கிழமை காலை புதிய சர்வர் வந்தது. ஈரம் காய்ந்த அறைக்கு இரும்புக் கதவும் புதுப் பூட்டும் போட்டிருந்தார்கள். அண்ணி உள்ளே போய் முதலில் அமைப்புகளை ஏற்றினார். வாசலை வைத்துவிட்டு வீட்டைக் கட்டுவதுதான் இந்த முறை திட்டம். சாப்பிட்டு வந்து தூரத்திலிருந்து கோப்புறைகளை இங்கே கொண்டுவர வேண்டும். ராத்திரிக்குள் மறுபடியும் எல்லாம் இரண்டாகிவிடும். அறையைப் பூட்டிக்கொண்டு, "வா, வயிறாரச் சாப்பிடலாம்" என்று என்னை இரண்டு தெரு தள்ளியிருக்கும் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனார். ஐந்து நாளில் முதல் தடவையாகச் சிரித்த முகம்.

தட்டு வந்தது. அண்ணி சாப்பிட்டுக்கொண்டே, காலையில் முடித்ததை விரல் விட்டு எண்ணினார்.

"ஆளுங்க பட்டியல் வந்தாச்சு. மிஷின் வழி வந்தாச்சு. பாஸ்வேர்டு வந்தாச்சு. நேர அட்டவணை வந்தா..."

விரல் அப்படியே நின்றது.

"என்னாச்சு அண்ணி?"

"மணி என்ன?"

"ஒண்ணாகப் போகுது. இன்னும் நாலு நிமிஷம்."

"ஒரு மணிக்கு ஓடும்" என்றார். "இங்க இருக்கறதைப் பார்த்து, அங்கயும் அதே மாதிரி ஆக்கிடும். இங்க ஒண்ணுமே இல்ல."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. தூரத்துச் சர்வரில் இடம் நிறைந்துகொண்டே போனதால், 'இங்கே அழித்தது அங்கேயும் அழியட்டும்' என்று போன வருடம் அவரே ஒரு விதி வைத்திருந்தார். அழித்ததைச் சில நாள் ஒதுக்கி வைத்திருக்கும் வசதியையும் இடமில்லாமல் நிறுத்தியிருந்தார். அந்த விதியும் மற்ற அமைப்புகளோடு நல்ல பிள்ளையாகப் புதிய சர்வரில் ஏறி உட்கார்ந்திருந்தது. காலியான சர்வர் இன்னும் நாலு நிமிஷத்தில் தன் காலியை நகலெடுத்து அனுப்பும். வேலியே பயிரை மேயப் போகிறது.

அண்ணி எச்சில் கையை அப்படியே வைத்துக்கொண்டு, இடது கையால் பட்டறைக்குப் போன் போட்டார். தூசியண்ணன் எடுத்தார்.

"அண்ணே, சர்வர் ரூமுக்கு ஓடுங்க. சுவத்துப் பக்கம் இருக்கற ஒயரைப் புடுங்குங்க, உடனே!"

காலடிச் சத்தம். பிறகு கதவை ஆட்டும் சத்தம். "பூட்டியிருக்கேம்மா. சாவி எங்க?"

அண்ணி பையைத் திறந்தார். புதுப் பூட்டின் இரண்டு சாவிகளும் ஒரே வளையத்தில், கடைக்காரர் கட்டிய அட்டைகூட அவிழாமல், இரண்டு மூக்குக்கண்ணாடிகளுக்கு நடுவில் கிடந்தன. மேனேஜரிடம் ஒன்றைக் கொடுக்க நினைத்து, அவசரத்தில் மறந்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த கை அது.

"ரெண்டும் எங்கிட்டதான் இருக்கு" என்றார்.

"உடைக்கவா?"

"இரும்புக் கதவுண்ணே."

"மெயினை அணைச்சிடவா? கரண்ட் இல்லன்னா எப்படி ஓடும்?"

"பேட்டரியில ஓடும். ஒண்ணு போனா இன்னொண்ணு. நான்தான் ரெண்டு வைக்கச் சொன்னேன்."

"நீ நல்லா இருப்பேம்மா" என்றார் தூசியண்ணன்.

அண்ணி போனை வைத்துவிட்டுப் பயிற்சி மையத்தின் காவலாளியைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் வாய் நிறையச் சாப்பாட்டோடு ஒரு குரல்.

"யாரும்மா?"

"நான்தாண்ணே, சர்வர் பார்க்கறவ. மூணாவது மாடியில என் ரூம் தெரியும்ல? எவ்வளவு சீக்கிரம் அங்க போக முடியும்?"

மறுபக்கம் மெல்லும் சத்தம் நின்றது.

"அண்ணே, நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"கேட்லதாம்மா."

பின்னணியில் சர்வரின் காற்றாடிச் சத்தம் சீராகக் கேட்டது. எனக்கே கேட்டது.

"உண்மையைச் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ரூம்லதாம்மா" என்றார் காவலாளி, திருடனைப் போல. "வெளிய வெயிலு. இங்க ஜில்லுனு இருக்கும். டப்பாவைத் தொறந்துட்டேன்..."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும். எதிர்ல இருக்கற கருப்புப் பெட்டிக்குப் பின்னாடி நீல ஒயர் ஒண்ணு போகுதா? அதைப் புடுங்குங்க."

"ரெண்டு நீலம் இருக்கேம்மா. எதை?"

ஒரு லைன் போனால் மற்றொன்று இருக்கட்டும் என்று அண்ணிதான் இரண்டு இழுக்கச் சொல்லியிருந்தார்.

"ரெண்டையும்!"

"ஒண்ணு வந்துடுச்சு. இன்னொண்ணு வர மாட்டேங்குது."

"நுனியில சின்ன நாக்கு மாதிரி இருக்கும். அதை அமுக்கிட்டு இழுங்க."

"கையெல்லாம் குழம்பும்மா, வழுக்குது."

"சட்டையில துடைச்சுக்குங்க, நான் புதுச்சட்டை வாங்கித் தர்றேன்."

ஒரு முனகல், ஏதோ தட்டு விழுந்த சத்தம். "வந்துடுச்சும்மா!"

கடைச் சுவரில் இருந்த கடிகாரம் ஒரு மணி மூன்று நிமிஷம் காட்டியது.

அண்ணி கைகூடக் கழுவாமல் வாடகை வண்டி பிடித்தார். நானும் ஏறிக்கொண்டேன். மூன்று மாடியும் ஏறிப் போனபோது, காவலாளி இரண்டு நீல ஒயர்களையும் இரண்டு கையில் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். பாம்பைப் பிடித்தவர் விடுவதற்கு உத்தரவு கேட்பது போல இருந்தது.

அண்ணி திரையைப் பார்த்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். நாலாயிரத்து இருநூற்று எழுபத்து நாலு. எண் வரிசைப்படி அழித்துக்கொண்டே வந்திருக்கிறது. ஒன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை இல்லை. பட்டறையின் முதல் முப்பத்தெட்டு பேர். பத்துப் பதினொரு வருடமாக வந்துகொண்டிருப்பவர்கள். அதிகத் திருத்தங்கள் அவர்களுடையதுதான்.

அன்று மாலைக்குள் மிச்சம் எல்லாம் புதிய சர்வருக்கு வந்துவிட்டது. எல்லாம் இரண்டாகிவிட்டது. அழிந்ததை மீட்க ஞாயிறு முழுக்க முயன்றார். பெயர்களும் தேதிகளும் வந்தன, உருவங்களும் திருத்தங்களும் வரவில்லை.

வீட்டில் அண்ணன் வழி சொன்னான். "இதுக்கா முகத்தை இப்படி வச்சிருக்கே? தண்ணியில போச்சுன்னு சொல்லு. தண்ணிக்கு வாயா இருக்கு, இல்லேன்னு சொல்ல?"

அந்தப் பொய் எடுபடும் என்பது எங்கள் மூவருக்குமே தெரியும். மேனேஜருக்கு நீல ஒயர் எது, பச்சை ஒயர் எது என்று தெரியாது. தூசியண்ணன் வாய் திறக்க மாட்டார். காவலாளிக்கு அவருடைய மதிய ஜில்லு போய்விடும்.

அண்ணி கத்தரிக்கோலை எடுத்து ஒரு நூலை வெட்டினார். எதற்கு என்று தெரியவில்லை. "தண்ணி எனக்கு ஒரு கெடுதலும் பண்ணலையே" என்றார். "நான் வச்ச நகல் அதுகிட்டேருந்து முழுசாத் தப்பிச்சுது. என்கிட்டேருந்துதான் தப்பல."

திங்கட்கிழமை அண்ணி மேனேஜர் அறைக்குள் போனார். கதவு திறந்தே இருந்ததால் முன் மேசைக்குக் கேட்டது.

"எத்தனை?" என்றார் மேனேஜர்.

"முப்பத்தெட்டு சார்."

"நாலாயிரத்துல."

"ஆமா சார்."

"நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"உங்களுக்குத் தெரியாது சார். ஆனா நாளைக்கு என் இடத்துல வர்றவங்க இதையே செய்வாங்க. காலி சர்வர்ல அமைப்பை ஏத்திட்டு நிம்மதியாச் சாப்பிடப் போவாங்க. அதை எழுதி வைக்கணும். எழுதினா என்ன நடந்ததுன்னும் எழுதணும்."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "அந்த முப்பத்தெட்டு பேருக்கும் நீயே போன் பண்ணிச் சொல்லு. என்னால திட்டு வாங்க முடியாது, எனக்கு பி.பி." என்றார். பிறகு, "ஒரு சாவியைக் கொடுத்துட்டுப் போ" என்றார்.

அந்த வாரமே அண்ணி விதியை மாற்றினார். ஒரே நாளில் பத்துக்கு மேல் அழிக்க வேண்டியிருந்தால் சர்வர் தானாக நின்று, ஆளைக் கூப்பிடும். ஒத்திகைத் தாளிலும் ஒரு வரி சேர்ந்தது: 'அமைப்பை ஏற்றும் முன் அட்டவணையை நிறுத்து.' அதற்குக் கீழே, எந்த நாள், எத்தனை பேர், யாருடைய தவறு என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது.

போன் செய்ய மூன்று நாளானது. ஐந்து பேர் இப்போது உயிரோடு இல்லை. நாலு பேர் வேறு ஊர் போய்விட்டார்கள். ஓர் அம்மா, "பழைய அளவு போனதே நல்லதும்மா, அது ஆறு கிலோவுக்கு முன்னாடி எடுத்தது" என்று சிரித்தார். ஒருவர் கால் மணி நேரம் கத்தினார். அண்ணி போனைக் காதிலிருந்து விலக்காமல் முழுவதையும் கேட்டார்.

பத்தொன்பதாம் எண் ஒரு தையல்காரர். முழங்காலுக்குக் கீழே இடது கால். அவர்தான் அண்ணியை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்.

"அளவைத் தொலைச்சிட்டீங்களா? ஏம்மா, அளவுங்கறது என்ன, காத்துல விட்டா பறந்து போற சமாச்சாரமா? நான் முப்பது வருஷமா ஊர்ச் சட்டை தைக்கறேன். ஒருத்தர் அளவும் தொலைஞ்சதில்ல. ஏன்னு கேளுங்க."

"சொல்லுங்க."

"ரெண்டு எடத்துல எழுதி வைப்பேன்! நோட்டுல ஒண்ணு, துணியில குத்தற சீட்டுல ஒண்ணு. இதெல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல சொல்லித் தர மாட்டாங்களா?"

எதிரே உட்கார்ந்திருந்த தூசியண்ணன் சிரிப்பை அடக்கி இருமினார். அண்ணி அவரை முறைத்துவிட்டு, "தப்புதாங்க" என்றார் போனில். "வியாழக்கிழமை வந்தீங்கன்னா மறுபடியும் எடுத்துடலாம்."

வியாழக்கிழமை கையில் நீள நோட்டு ஒன்றோடு வந்தார். கேமராவால் புதிதாகப் படமெடுத்து முடித்தார்கள். "இனிமேதான் சிரமம்" என்று அண்ணி ஆரம்பித்தார். "உங்களுக்குப் பதினாலு தடவை திருத்தம் பண்ணியிருக்கு. தேதி மட்டும்தான் எங்கிட்ட இருக்கு. எங்கெங்க வலிச்சுதுன்னு ஞாபகம் இருக்கறதைச் சொல்லுங்க."

தையல்காரர் நோட்டைப் பிரித்தார். இரண்டு சட்டை அளவுகளுக்கு நடுவில், கோணல் எழுத்தில் ஒரு கால் வரைந்திருந்தது. சுற்றிலும் அம்புக்குறிகள். ஒவ்வொரு முறை பட்டறைக்கு வந்துவிட்டுப் போனதும் எழுதியிருக்கிறார். 'வெளிப்பக்கம் அரை நூல் விட்டது. எலும்பு முனையில் ஒரு நூல் குடைந்தது. படி இறங்கலாம்.' பதினாலும் இருந்தன. அண்ணி தன் பட்டியலில் இருந்த தேதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை.

"இதை எதுக்கு எழுதி வச்சீங்க?"

"என் கால்மா. நீங்க பத்திரமா வைப்பீங்கன்னு நான் எப்படி நம்பறது?"

தூசியண்ணனும் அண்ணியும் நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு தையல்காரரின் நூல் கணக்கை மில்லிமீட்டராக மாற்றி, ஒவ்வோர் இடமாகத் திருத்தினார்கள். அவர் பின்னால் நின்று, "அங்க இல்ல, விரல் அகலம் மேல" என்று அதட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டரைக்கு மிஷின் செதுக்கி முடித்தது. அவர் வெள்ளைக் கட்டியைக் கையில் வாங்கி, சட்டைத் தோளைத் தடவிப் பார்ப்பது போல ஒரு சுற்றுத் தடவினார். "இதான்" என்றார்.

மணி ஒன்று அடிக்க எல்லோரும் கைகழுவப் போனார்கள். அண்ணி தன் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. தூரத்துச் சர்வரின் பட்டியலைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். வரிசையின் தலையில் பத்தொன்பது என்று ஒரு கோப்புறை முளைத்தது. அவர் அதைத் திறந்து, பதினாலு திருத்தமும் வந்திருக்கிறதா என்று பார்த்தார்.

"அண்ணி, சாப்பாடு ஆறுது."

"நீ போ. பத்தாவதுல இருக்கேன்" என்றார்.